ஐந்து கருவிகள், ஒரு கிளாவே: தொடக்கநிலை லத்தீன் தாளத் தொகுப்பு, விமர்சனம்

பொங்கோ என்ற சிறு முரசுகள் ஒரு ஜோடி, கிளாவேஸ் என்ற மரக்கட்டைகள் ஒரு ஜோடி, மராகாஸ் என்ற கிலுகிலுப்பைகள் ஒரு ஜோடி, வரிகளில் குச்சியால் தேய்த்து ஒலிக்கும் குயிரோ ஒன்று, கையில் பிடிக்கும் மணி ஒன்று. ‘லத்தீன் தாளக் கருவிகள்’ என்று விற்கப்படும் தொடக்கநிலைத் தொகுப்பைப் பிரித்தால் பெரும்பாலும் இந்த ஐந்தும்தான் இருக்கும். பெட்டியின் நிறமும் பெயரும் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே. இந்த விமர்சனம் அந்த வகைத் தொகுப்பைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொங்கோவுக்காக இதை வாங்கலாம். கிளாவேஸை மாற்றியே ஆக வேண்டும். மராகாஸ் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். மணி அளவைப் பொறுத்தது. குயிரோதான் பெரிய ஏமாற்றம்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ‘லத்தீன்’ என்ற சொல்லைச் சற்றுத் திருத்திக்கொள்வது நல்லது. இது உண்மையில் கியூபாத் தொகுப்பு, அதிலும் சோன் என்ற கியூபா நடன இசைக்கான தொகுப்பு. 1920இல் ஹவானாவில் தொடங்கிய செக்ஸ்டெட்டோ ஹபனேரோ போன்ற ஆறுபேர் குழுக்களில் இருந்தவை: ட்ரெஸ் என்ற மூன்று ஜோடிக் கம்பிகள் கொண்ட கித்தார், சாதாரணக் கித்தார், பாஸ், பொங்கோ, மராகாஸ், கிளாவேஸ். இதில் தாளத்துக்கு உரிய மூன்றும் நம் பெட்டியில் இருக்கின்றன. மணி, சோன் வேகமெடுக்கும் மொந்துனோ பகுதியில் பொங்கோக்காரரின் கைக்கு வருவது. குயிரோ, தான்சோன் என்ற பழைய கியூபா நடன இசையை வாசித்த குழுக்களின் வழியாகச் சா-சா-சா என்ற நடன இசைக்குள் நுழைந்தது. ஆக, சோன், பொலேரோ, சா-சா-சா, சல்சாவின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு இந்தப் பெட்டி பொருந்தும். மெரெங்கேவுக்குப் பொருந்தாது. அதற்கு ஒரு பக்கம் குச்சியும் மறுபக்கம் கையுமாக அடிக்கும் தம்போராவும், உலோகத்தாலான குயிராவும் வேண்டும். கொலம்பியாவின் கும்பியாவுக்கு யாமடோர், அலெக்ரே என்ற முரசுகள் தேவை. பிரேசிலின் சாம்பாவை நடத்துவது இரண்டாம் அடியில் ஆழமாக விழும் சுர்தோ என்ற பெருமுரசு. தாங்கோவுக்கு இந்தப் பெட்டியில் எதுவுமே இல்லை, அதன் உயிர் பந்தோனியோன் என்ற துருத்திக் கருவியில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்து விற்பதால்தான் வாங்குபவர்கள் சாம்பாப் பாட்டுக்குக் கிளாவேஸைத் தட்டிப் பார்த்து, ஏதோ ஒட்டவில்லையே என்று குழம்புகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் எல்லோர் கையும் பொங்கோவுக்குத்தான் போகும். முதலில் எடுக்க வேண்டியது அந்த இரண்டு சிறு கட்டைகளை.

கிளாவேஸ் என்பவை ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. தடிமனும் உள்ள இரண்டு உருளைகள். ஹவானாவின் கப்பல் கட்டும் துறையில் மரப்பலகைகளை இணைக்கப் பயன்பட்ட கடின மரமுளைகளே இவற்றின் மூலம் என்று கியூபா ஆய்வாளர் ஃபெர்னாண்டோ ஓர்டிஸ் விளக்கினார். அந்தக் கதையிலேயே கருவியின் இலக்கணம் இருக்கிறது: மரம் கல்லைப் போல் இறுக்கமாக இருக்க வேண்டும். கருங்காலி, ரோஸ்வுட் போன்ற மரங்களில் கடைந்த ஜோடி ஒரு கூட்டமே வாசிக்கும்போதும் அதைத் துளைத்துக்கொண்டு ‘கிண்’ என்று கேட்கும். தொகுப்புகளில் வருவது பெரும்பாலும் இலேசான மரம், மேலே பளபளப்புப் பூச்சு. ‘டொக்’ என்று கதவைத் தட்டுவது போல ஒலித்து அடங்கிவிடும். சோதிப்பது எளிது. ஒரு கட்டையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல், விரல்நுனிகளுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே மிதக்க விடுங்கள். அடியில் உள்ளங்கை கிண்ணம் போலக் குழிந்திருக்கட்டும், அந்தக் குழிவுதான் ஒலிப்பெட்டி. மற்றக் கட்டையால் நடுவில் அடியுங்கள். இப்படிப் பிடித்தும் ஒலி மந்தமாக இருந்தால் குறை மரத்தில்தான். ஆனால் பாதிப் பேர் கட்டையை முழுக் கையால் கவ்விக்கொண்டு, கருவி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிடியைச் சரிசெய்த பிறகே குறை சொல்ல வேண்டும். கியூபாவில் அடிக்கும் கட்டையை ஆண், அடிபடும் கட்டையைப் பெண் என்பார்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தாலும் ஒலியில் சிறு வேறுபாடு இருக்கும். இடம் மாற்றிப் பார்த்து, எது கீழே இருந்தால் நன்றாக ஒலிக்கிறதோ அதற்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டைகளுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம், அவை வாசிக்கும் தாளத்துக்கும் கிளாவே என்றே பெயர். மற்ற நான்கு கருவிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு இதைக் கற்பது மிக எளிது. மொத்தம் 16 மாத்திரை. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓர் அடி:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

இதுதான் 3-2 சோன் கிளாவே. 1, 4, 7, 11, 13ஆம் மாத்திரைகளில் அடி விழுகிறது. முதல் பாதியில் மூன்று, இரண்டாம் பாதியில் இரண்டு. பாதிகளை மாற்றி இரண்டு அடி உள்ள பக்கத்திலிருந்து தொடங்கினால் 2-3. அப்போது முதல் இரண்டு மாத்திரை மௌனம், பிறகு ‘தக தகதிமி தகிட தகிட தக’. ரும்பா கிளாவேயில் மூன்றாம் அடி மட்டும் ஒரு மாத்திரை தள்ளிப் போகும்: ‘தகிட தகதிமி தகிட தக தகதிமி’. வேறுபாடு அந்த ஒரே மாத்திரைதான். ஆனால் சோனின் நிதானம் போய், பாட்டு முன்னோக்கிச் சாயத் தொடங்கும். பிரேசிலின் போசா நோவாவில் கேட்பது ‘தகிட தகிட தகதிமி தகிட தகிட’. அதையும் கிளாவே என்று எழுதுவார்கள். ஆனால் கியூபாவில் கிளாவேக்கு இருக்கும் ஆட்சி அங்கே அதற்கு இல்லை.

எங்கே தவறுகிறது? பெரும்பாலும் இரண்டாம் அடியில். 4ஆம் மாத்திரையில் விழ வேண்டியது 5க்கு நழுவி, நேரான அடியோடு சேர்ந்துவிடும். இதைப் பிடிக்கக் காலே போதும். 1, 5, 9, 13ஆம் மாத்திரைகளில் காலைத் தட்டுங்கள். ஐந்து அடிகளில் காலோடு சேர்ந்து விழ வேண்டியவை முதல் அடியும் கடைசி அடியும் மட்டுமே. நடுவில் உள்ள மூன்றில் எது காலோடு சேர்ந்தாலும் கிளாவே உடைந்துவிட்டது. இன்னொரு தவறு, மூன்றாம் அடிக்குப் பிறகு வரும் ‘தகதிமி’யின் நீளத்தைப் பொறுக்க முடியாமல் நான்காம் அடியை அவசரமாகக் கொண்டுவருவது. வேகத்தைக் குறைத்து, அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதே மருந்து.

பாட்டு ஒருமுறை 3-2இல் அமைந்துவிட்டால் கிளாவே திசை மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மெட்டின் வாக்கியம் கிளாவேயின் ஒற்றைப்படைப் பாதிகளில் முடிந்து, அடுத்த பகுதி 2-3 போலக் கேட்கலாம். அப்போதும் கட்டை வாசிப்பவர் கையை மாற்றுவதில்லை, மெட்டுதான் அதன்மேல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. தொகுப்போடு கையேடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது: 3-2, 2-3 இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா? ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்தக் கையேட்டை நம்பிப் பாட்டோடு வாசிக்க முடியாது.

இனி பொங்கோ. கியூபாவின் கிழக்குப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகி, சோனோடு ஹவானாவுக்கு வந்த ஜோடி இது. சிறியது மாச்சோ (ஆண்), பெரியது எம்ப்ரா (பெண்). நல்ல தொகுப்பில் சிறியதன் வாய் சுமார் 7 அங்குலம், பெரியது சுமார் 8½ அங்குலம் இருக்கும். இரண்டும் இதைவிட ஓர் அங்குலம் குறைந்திருந்தால் அது சிறுவர் கைக்கான பொருள். பெரியவர்களின் விரல்கள் அதில் தடுமாறும், பெரிய முரசுக்கு உரிய தாழ்ந்த ஒலியும் வராது.

வாங்குமுன் நான்கு இடங்களைப் பாருங்கள். தோலை இறுக்கும் வளையம் தோலின் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கக் கூடாது, நின்றால் ஒவ்வோர் அடியிலும் விரல் இரும்பில் மோதும். விலை குறைந்த தொகுப்புகளின் முதன்மைக் குறை இதுவே, பின்னால் சரிசெய்யவும் முடியாது. அடுத்து, இரண்டு முரசுகளையும் இணைக்கும் நடுக்கட்டையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சிறிது ஆடினாலும் வாசிக்கும்போது உறுமும். அந்த உறுமலைத் தோலின் குறை என்று நினைத்துத் தோலை மாற்றுபவர்கள் உண்டு, பாவம். உள்ளே உள்ள மரையை இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். மூன்றாவது, கொக்கித் தண்டுகளில் மரைக்கு அப்பால் எவ்வளவு புரி மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். புதுத் தோல் முதல் சில வாரங்களில் இழுபடும். புரி இப்போதே முடிந்திருந்தால் அதன்பிறகு சுருதியை ஏற்ற வழியிருக்காது. கடைசியாக, தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் தடிமனைக் கவனியுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் சுருதி ஒருபோதும் சமமாக நிற்காது.

சுருதி சேர்ப்பதில்தான் புதியவர்கள் தோலைக் கிழிக்கிறார்கள். ஒரு மரையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவது தவறு, வளையம் சாய்ந்து ஒரே இடத்தில் இழுவிசை குவிந்து தோல் அங்கேயே பிளக்கும். நான்கு மரைகளையும் எதிரெதிராகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு கொக்கிக்கும் அருகில் தோலின் விளிம்பை விரலால் தட்டிக் கேளுங்கள். நான்கு இடத்திலும் ஒரே சுருதி வந்த பிறகே அடுத்த சுற்று. மாச்சோவை நன்றாக ஏற்ற வேண்டும், விரல்நுனி பட்டதும் ‘டிங்’ என்று கண்ணாடியில் தட்டியது போல வர வேண்டும். எம்ப்ரா அதற்குக் கீழே, ஸ ம இடைவெளி அளவுக்கு வைத்தால் இரண்டும் பேசிக்கொள்வது போல இருக்கும். வாசித்து முடித்ததும் எல்லா மரைகளையும் ஒரே அளவாகச் சற்றுத் தளர்த்திவிடுவது தோலின் ஆயுளைக் கூட்டும். ஈரக்காற்றில் தோல் தொய்யும், வறண்ட காற்றில் தானே இறுகும். இறுக்கிவைத்த நிலையில் வறண்ட அறையில் விட்டுவிட்டால் காலையில் கிழிந்த தோல்தான் கிடைக்கும். இந்த மரையும் கொக்கியும் வருவதற்கு முந்தைய காலத்தில் தோலை ஆணியடித்து, தீயில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள். அந்தத் தோல் குளிர்ந்ததும் இறங்கிவிடும். கால் சுற்றுக்குச் சலித்துக்கொள்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையே பிடித்து வாசிக்க வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு மாச்சோ இடப்பக்கம் இருக்கும். அடிப்படை நடைக்கு மார்த்தியோ, அதாவது சுத்தியல் என்று பெயர். எட்டு அடிகள். எண்ணிக்கை 1, 2, 3, 4இல் வலக்கை, இடையில் இடக்கை. நான்காம் எண்ணிக்கையில் வலக்கை எம்ப்ராவுக்குப் போகும், மற்ற ஏழும் மாச்சோவிலேயே. இடக்கை, கட்டைவிரலுக்கும் விரல்நுனிகளுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். முதல், மூன்றாம் எண்ணிக்கைகளுக்கு அழுத்தம். கையை உயரத் தூக்கினால் வேகத்தில் உடையும், விரல்கள் தோலிலிருந்து சில அங்குலங்களுக்கு மேல் எழத் தேவையில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடிப்பது பொங்கோ வாசிப்பே அல்ல.

மராகாஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியது முக்கியமானது. தைனோ மக்களிடமிருந்து வந்த, ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் முன்பே கரீபியனில் இருந்த கருவி இது. ஒரு ஜோடியில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் ஒலிக்க வேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் தொகுப்பைக் கட்டியவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். உள்ளே நிறைய மணிகள் போட்டால் நல்லது என்று நினைப்பது தவறு. மணிகள் அதிகமானால் ‘சர்ர்ர்’ என்று இழுபடும், அடி எங்கே விழுந்தது என்றே தெரியாது. மணிகள் ஒன்றாக எழும்பி முன்சுவரில் ஒரே நொடியில் மோத வேண்டும். அதற்குக் குலுக்கக் கூடாது, கதவைத் தட்டுவது போல மணிக்கட்டை வெட்டி நிறுத்த வேண்டும். ஒரே ஒரு அடி கொடுத்துப் பாருங்கள். ‘சிக்’ என்று ஒரே துண்டாக ஒலித்தால் வைத்துக்கொள்ளலாம்.

குயிரோவில்தான் கோபம் வருகிறது. மூலக் கருவி உலர்ந்த சுரைக்குடுவை, நம் சுரைக்காயின் இனத்தைச் சேர்ந்ததுதான். அதன் உடலில் நெருக்கமாக வரி வெட்டி, குச்சியால் தேய்ப்பார்கள். பின்புறம் துளையிட்டு விரல் நுழைத்துப் பிடிப்பார்கள். போர்ட்டோ ரிக்கோவில் வரிகள் மெல்லியவை, தேய்க்கக் கம்பிப் பற்கள் கொண்ட சீப்பு போன்ற கருவி. தொகுப்புகளில் வருவதோ மீன் வடிவில் செதுக்கிய சிறு மரத்துண்டு, வரிகள் ஒரு சாணுக்கும் குறைவு. சா-சா-சாவுக்கு இது போதாது. 1950களின் தொடக்கத்தில் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹொர்ரின் அமைத்த அந்த நடையில் குயிரோவின் வேலை ‘சீ———க், சிக் சிக்’. முதல் எண்ணிக்கை முழுவதும் ஒரு நீள் தேய்ப்பு, இரண்டாவதில் இரண்டு குறும் அடிகள். நீள் தேய்ப்பின் ஒலி எண்ணிக்கை முடியும்வரை வளர வேண்டும். வரி பாதியிலேயே தீர்ந்துவிட்டால் அங்கே ஓர் ஓட்டை விழும். நடனமாடுபவரின் கால் அந்த நீட்சியில்தான் சறுக்கிப் போகிறது, ‘சா-சா-சா’ என்ற மூன்று குறு அடிகளுக்கு முன் உடல் எடை மாறுவதும் அங்கேதான். ஆகவே இதைத் தனியாக, குறைந்தது ஓரடி நீளம் வரி உள்ளதாக வாங்க வேண்டும். கண்ணாடியிழையில் செய்ததும் நன்றாகவே ஒலிக்கும், விழுந்தால் உடையாது. குச்சி மெலிந்திருக்கட்டும், தடித்த குச்சி வரிகளுக்குள் இறங்காமல் மேலேயே வழுக்கும்.

மணிக்கு வருவோம். கையில் பிடிக்கும் பொங்கோ மணி பெரியது, வாய் அகன்றது, தாழ்ந்த ஒலி. தொகுப்பில் வருவது பல நேரம் சிறிய சா-சா மணி, அது டிம்பாலெஸ் என்ற உலோக உடல் முரசுகளின் மேல் பொருத்தப்படுவது. இரண்டும் வேறு வேலை செய்பவை. மொந்துனோவில் பொங்கோக்காரர் முரசைக் கீழே வைத்துவிட்டு மணியை எடுக்கும்போது, வாய்ப்புறத்தில் விழும் ஆழ்ந்த அடி முதல், மூன்றாம் எண்ணிக்கைகளைச் சுட்டிக்காட்டும். இடையில் வரும் குறு அடிகள் கழுத்துப்புறத்தில் விழும். வாய்க்கும் கழுத்துக்கும் ஒலி தெளிவாக வேறுபடாத மணியால் இதைச் செய்யவே முடியாது, சோதனையும் அதுவே. ஒட்டிய இடத்தில் கீறல் இருந்தால் சலசலக்கும். தடித்த மரக்குச்சியால் அடிக்க வேண்டும், மெலிந்த டிரம் குச்சியில் ஆழம் வராது.

சல்சா ஆடுபவர்களுக்காக இந்தத் தொகுப்பை வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டக்காரர் 1, 2, 3இல் மூன்று அடி வைத்து, 4இல் நின்று, 5, 6, 7இல் மூன்று அடி வைத்து, 8இல் நிற்கிறார். அந்த நிற்கும் இடங்களை நிரப்புவது கொங்கா என்ற உயரமான கைமுரசு. தும்பாவோ என்ற அதன் நடையில் இரண்டாம் எண்ணிக்கையில் கையால் ஓர் அறை, நான்காவதில் ‘தொம் தொம்’ என்று இரண்டு திறந்த அடிகள். கால் நிற்கும் இடத்தில் தோல் பேசும். இரண்டாம் எண்ணிக்கையில் திசை மாற்றி ஆடுபவர்கள் காது கொடுப்பது அந்த அறைக்கு. 1940 வாக்கில் அர்செனியோ ரொட்ரீகெஸ் தம் குழுவில் கொங்காவைச் சேர்த்த பிறகு சோனின் எடையே மாறியது, பின்னாளில் நியூயார்க்கில் சல்சாவாக வளர்ந்த இசை அந்த எடையோடுதான் போனது. அது இந்தப் பெட்டியில் இல்லை. பொங்கோவை வைத்து அதை ஈடுசெய்ய முயன்றால் ஒலி மேலேயே மிதக்கும், கால்களுக்குப் பிடிமானம் கிடைக்காது. வகுப்பில் காலடி பழகக் கிளாவேஸும் மணியும் போதும். ஆடுவதற்கு வாசிப்பதென்றால் 11¾ அங்குலக் கொங்கா ஒன்று தனியாக வேண்டும்.

பச்சாட்டா ஆடுபவர்களுக்குப் பொங்கோ அப்படியே பயன்படும். டொமினிக்கன் குடியரசின் அந்த இசையில் பொங்கோ இருக்கிறது, கூட இருப்பது உலோகக் குயிரா. தொகுப்பின் மரக் குயிரோவை அதற்குப் பதிலாக வைக்க முடியாது, உலோகத்தின் அந்தத் தொடர்ச்சியான சீறலே பச்சாட்டாவின் மூச்சு.

வாங்கிய பின் மாற்றும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதல் நாளே கருங்காலி அல்லது ரோஸ்வுட் கிளாவேஸ், அடுத்து நீள வரி குயிரோ, பிறகு பெரிய மணி. பொங்கோவின் தோலைக் கிழியும்வரை மாற்ற வேண்டாம், வளையம் தாழ்ந்திருக்கும் ஜோடி அமைந்துவிட்டால் தோல் பழகப் பழக ஒலி மெருகேறும். மரைப் புரிகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சொட்டுக் கிரீஸ் தடவுங்கள். சுரைக்குடுவைக் குயிரோவை அடுக்கின் அடியில் வைக்காதீர்கள், மேலே எது விழுந்தாலும் கீறிவிடும்.